உங்களுக்குத் தெரியுமா? கிரானைட்டை விழுங்கிய எரிமலைக் குழம்பு

ஹைதராபாத்தின் கோல்கொண்டா கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறை, பஞ்சாரா ஹில்ஸ் வீடுகளுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருண்டைக் கற்கள் எல்லாமே ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் வயதான கிரானைட். ஹைதராபாத்திலிருந்து மேற்கே விகாராபாத் பக்கம் போனால் பாறை மாறிவிடுகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு இறுகிய பாசால்ட் அங்கிருந்து தொடங்கி, மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியில் விரிந்து, இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடியிருக்கிறது.

அந்தக் குழம்பு மேலே வர, பழைய கிரானைட்டைத் துளைத்துக்கொண்டுதான் வந்தாக வேண்டும். வழியில் அதைக் கொஞ்சம் கரைத்து விழுங்கியதா? காட்டிக்கொடுப்பது ஸ்ட்ரான்சியம். கிரானைட்டில் ரூபிடியம் அதிகம். அதில் ஒரு வகையான, அதாவது ஐசோடோப்பான, ரூபிடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. பாதி சிதையவே ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் வேண்டும். ஆகவே பாறைக்கு வயது ஏற ஏற, ஸ்ட்ரான்சியம்-86உடன் ஒப்பிட்டால் 87இன் பங்கு கூடிக்கொண்டே போகும். பாறை உருகினாலும் அந்த விகிதம் மாறாது; அதைக் கரைத்து விழுங்கிய குழம்பிலும் விகிதம் ஏறிவிடும். இதுதான் இந்த முறையின் அழகு!

மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாபலேஷ்வர் சாலையிலுள்ள அம்பேநளி கணவாயின் பெயர் தாங்கிய பாசால்ட்டில் இந்த விகிதம் 0.704 அளவில் இருக்கிறது. ஆழத்திலிருந்து கலப்படமின்றி வந்த குழம்பின் அடையாளம் அது. அதற்குக் கீழே, அதாவது அதற்கு முன்பே வழிந்த 'புஷே' அடுக்கிலோ 0.713க்கு மேல் போகிறது. கிரானைட்டை நன்றாகத் தின்ற குழம்பு அது.

அதே மலைத்தொடரில் கொய்னா அருகே 2017இல் 3 கி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டார்கள். சுமார் 1.2 கி.மீ. பாசால்ட்டைத் தாண்டியதும் கிரானைட் வகைப் பழம்பாறைதான் வந்தது. ஹைதராபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்த ஆய்வில் பெரும் பங்கு உண்டு.

கோதாவரிக் கரையில் ராஜமுந்திரியிலும் பாசால்ட் உண்டு. அதன் ஐசோடோப்பு விகிதங்களும் வேதிக்கலவையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலடுக்குகளோடு ஒத்துப்போகின்றன. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகச் சுமார் 1,000 கி.மீ. ஓடிவந்த குழம்பு அது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஹைதராபாத்தின் கிரானைட் குன்றுகள் கட்டடங்களுக்காக உடைபட்டு வருகின்றன. அங்கே போனால், மிச்சமிருப்பவற்றை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.