அகிம்சையையும் பழகவேண்டும்: திபெத்திய இளைஞர்கள் கற்கும் பாடம்

அடி விழும்போது திருப்பி அடிக்காமல் நிற்பது யாருக்கும் இயல்பாக வருவதில்லை. அதைப் பழகவேண்டும். நாடிழந்த திபெத்திய இளைஞர்களுக்கான பயிற்சிகள் இந்த உண்மையிலிருந்தே தொடங்குகின்றன.

1959 மார்ச்சில் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராக வெடித்த எழுச்சி நசுக்கப்பட்டது. தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பிவந்தார். பல்லாயிரக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்தனர். ஆனால், திபெத்தியர்கள் எப்போதும் அகிம்சை வழியில் நின்றவர்கள் அல்லர். நேபாளத்தின் முஸ்டாங் பகுதியிலிருந்து அவர்களது கெரில்லாக்கள் அமெரிக்க உளவுத்துறையின் உதவியுடன் போரிட்டனர். அமெரிக்கா சீனாவுடன் நெருங்கிய காலத்தில் அந்த உதவி நின்றுபோனது. 1974இல், ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு தலாய் லாமா ஒலிப்பதிவில் அனுப்பிய வேண்டுகோளுடன் அந்த அத்தியாயம் முடிந்தது.

துப்பாக்கி இல்லையென்றால் வேறென்ன? பிரார்த்தனையும் மெழுகுதிரியும் மட்டுந்தானா? அடுத்த தலைமுறை இந்தக் கேள்வியோடுதான் வளர்ந்தது. 1994இல் நியூயோர்க்கில் உருவான ‘சுதந்திர திபெத்துக்கான மாணவர்கள்’ அமைப்பும், 2009இல் தொடங்கப்பட்ட திபெத் செயற்பாட்டு நிறுவனமும் பயிற்சியையே தமது பதிலாக முன்வைத்தன.

இத்தகைய பயிற்சிகளின் முதற்பாடம், எந்த அரசும் தனியே நிற்பதில்லை என்பது. பொலிஸ், அதிகாரிகள், வணிகர்கள், மக்களின் கீழ்ப்படிவு எனப் பல தூண்கள் அதைத் தாங்குகின்றன. எந்தத் தூணை அசைக்கலாம் என்று இளைஞர்கள் வரைந்து பார்க்கிறார்கள். கடும் எதிரியை நண்பராக்குவது இலக்கல்ல. நடுவில் நிற்பவரை ஓரடி தம் பக்கம் நகர்த்தினாலே போதும்.

பிறகு ஒத்திகை. சிலர் பொலிஸாராக நடித்துத் தள்ளுவார்கள், ஏசுவார்கள். மற்றவர்கள் அசையாமல் நிற்கவேண்டும். கோபம் எந்த இடத்தில் மீறியது என்பதை முடிவில் எல்லோரும் பேசுவார்கள். இதற்கான காரணத்தை 2008 மார்ச் காட்டியது. திபெத்தின் பல இடங்களில் அமைதியான ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஆனால், லாசாவில் கடைகள் எரிந்த காட்சிகளையே சீன அரச தொலைக்காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது.

இணையப் பாதுகாப்பும் ஒரு பாடம். தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகள் வரை உளவு மென்பொருள் ஊடுருவியிருந்தது 2009இல் வெளிவந்தது. நன்கு தெரிந்தவரின் பெயரில் வரும் மின்னஞ்சல் இணைப்பும் பொறியாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் வேறு. வெளியில் எழும் கோஷத்துக்கு உள்ளே இருப்பவரின் குடும்பம் விலை கொடுக்க நேரலாம். 2009 முதல் திபெத்துக்குள் 150க்கும் அதிகமானோர் தீக்குளித்துள்ளனர். அந்தத் துயரத்தின் நடுவிலும், 2008க்குப் பிறகு அங்குள்ள மக்கள் ‘லகார்’ என்ற வழியைத் தாமே கண்டுபிடித்தனர். புதன்கிழமைகளில் கலப்பில்லாத திபெத்திய மொழி பேசுவது, மரபுடை அணிவது, திபெத்தியரின் கடைகளில் மட்டும் வாங்குவது. இவற்றைக் குற்றமென்று சொல்வது எந்த அரசுக்கும் எளிதல்ல.

இதை வெளியிலிருந்து யாரும் கட்டளையிடவில்லை. உள்ளே இருந்தவர்கள் தொடங்கினார்கள், புலம்பெயர்ந்தவர்கள் பின்பற்றினார்கள். விலை கொடுப்பவர்களே வழியையும் தீர்மானிக்கவேண்டும் என்பதை இளைஞர்கள் கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்துதான்.