விழா யாருக்கு உரியது? இரு தீவுகளின் உயிர்ப்புக்கால விழாக்கள்

நாற்பது நாள் தவக்காலம் முடிந்து, உயிர்ப்புப் பெருவிழாவின் ஆலயமணி ஒலிக்கும்பொழுது நம் உள்ளமெல்லாம் மகிழ்ச்சியால் நிறைகிறது. பனி பொழியும் நாடுகளில் அது வசந்தத்தின் தொடக்கம். பனியே காணாத வெப்பமண்டலத் தீவுகளிலோ உயிர்ப்புத் திருநாள்தான் வசந்தத்தின் வாயிலைத் திறந்து வைக்கிறது எனலாம். அந்த வாரத்தில் ஆடலும் பாடலும் ஓட்டப் பந்தயமுமாக ஊரே களிக்கின்ற தீவுகள் உலகில் பல உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் இக்கட்டுரையில் நாம் காண்போம். ஒன்று பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய். மற்றொன்று கரீபியன் கடலில் உள்ள டொபாகோ. முன்னது கலைக்குப் பேர்போனது; பின்னது விளையாட்டுக்கு.

மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்பு ஞாயிறு. ஆகவே அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்நாளிலும் வரக்கூடும். அத்துடன் சேர்ந்து இவ்விரு தீவுகளின் விழாக்களும் ஆண்டுதோறும் இடம் மாறுகின்றன.

மன்னர் பெயரால் ஒரு நடன விழா

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். அதன் கீழ்க்கரையில் உள்ள ஹீலோ என்ற நகரத்தில் உயிர்ப்பு ஞாயிறன்று தொடங்கி ஒரு வாரம் நடைபெறுவது 'மெர்ரி மோனார்க்' விழா. 'களிப்புமிகு மன்னர்' என்று இதனைத் தமிழில் கூறலாம். 1874 முதல் 1891 வரை ஆண்ட டேவிட் கலாகௌவா மன்னரின் செல்லப் பெயர் அது. விழாவின் உயிர்நாடி ஹூலா என்னும் நடனம்.

ஹூலாவை வெறும் இடுப்பசைவு என்று திரைப்படங்களைப் பார்த்து எண்ணுவோர் பலர். உண்மை வேறு. பழங்காலத்தில் ஹவாய் மக்களுக்கு எழுத்து இல்லை. அரச மரபும், தெய்வங்களின் கதைகளும், மழைக்கும் காற்றுக்கும் இட்ட பெயர்களும் பாடலாகவே மனப்பாடம் செய்யப்பட்டு வந்தன. அப்பாடலின் பொருளைக் கையாலும் காலாலும் கண்ணாலும் விளக்குவதே ஹூலா. பரதநாட்டியத்தில் முத்திரைகளைக் கற்ற மாணவியருக்கு இது எளிதில் விளங்கும். ஹூலாப் பள்ளிக்கு 'ஹாலாவ்' என்றும், ஆசிரியருக்கு 'குமு' என்றும் பெயர். சுரைக்குடுக்கையால் செய்த 'இபு', சுறாமீன் தோல் போர்த்திய 'பாஹு' ஆகிய முழவுகளே பழைய நடனத்திற்குத் துணை.

தடையும் மறுமலர்ச்சியும்

1820ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து சீர்திருத்த சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர் ஹவாய்க்கு வந்தனர். அவர்களில் பலர் ஹூலாவை ஒழுக்கக்கேடு என்று கருதினர். அவர்கள் போதனையை ஏற்ற காஅஹுமானு அரசி, பொது இடங்களில் ஹூலா ஆடக்கூடாது என்று 1830இல் ஆணையிட்டார். அவரது ஆட்சியில்தான், 1831இல், கத்தோலிக்கக் குருக்களும் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் கலை அழியவில்லை. ஊர்ப்புறங்களில் பாட்டியரும் தாத்தாக்களும் பேரப்பிள்ளைகளுக்கு அமைதியாக அதைக் கற்பித்து வந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் கலாகௌவா மன்னர். உலகைச் சுற்றி வந்த முதல் ஆளும் மன்னர் அவரே. 1881இல் மேற்கொண்ட அப்பயணத்தில் அவர் நம் நாட்டிலும் கால் பதித்தார். உரோமையில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயரையும் சந்தித்தார். 1883இல் நடந்த முடிசூட்டு விழாவிலும், 1886இல் கொண்டாடிய ஐம்பதாம் பிறந்தநாள் விழாவிலும் ஹூலாவை மக்கள் முன் மீண்டும் அரங்கேற்றினார். கண்டித்தவர்கள் பலர். மன்னரோ பின்வாங்கவில்லை.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இம்மன்னருக்கு ஓர் இடம் உண்டு. மொலக்காய்த் தீவில் தொழுநோயாளரிடையே பணியாற்றிய புனித தமியான் அடிகளாருக்கு 1881இல் அரச விருது வழங்கப்பட்டது. மன்னர் வெளிநாடு சென்றிருந்தமையால் அவருடைய தங்கை லிலியுவோகலானி அவ்விருதை வழங்கினார். தொழுநோயாளரைப் பேண அருட்சகோதரிகள் தேவை என ஹவாய் அரசு விடுத்த அழைப்பை ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகள் ஏற்க இயலாத நிலையில், 'நான் வருகிறேன்' என்று முன்வந்தவர் பிரான்சிஸ்கன் சகோதரியான அன்னை மரியான் கோப். 1883இல் ஆறு சகோதரிகளுடன் அவர் ஹவாய் வந்து சேர்ந்தார். தமியான் அடிகளார் 2009இலும், அன்னை மரியான் 2012இலும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

மன்னர் மறைந்த பிறகு நாட்டிற்கு இருள் சூழ்ந்தது. 1893இல் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1898இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. மொழி தளரவே, அதன் பொருளை அறிந்து ஆடுவோரும் குறைந்தனர். பயணிகளை மகிழ்விக்கும் விடுதி ஆட்டமாக ஹூலா சுருங்கியது.

சோர்ந்த விழா எழுந்த கதை

1960ஆம் ஆண்டு மே மாதம் சிலி நாட்டில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை ஹீலோவைத் தாக்கியது. 61 பேர் மாண்டனர். கடைத்தெருக்கள் அழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை அறிந்த நமக்கு அந்தத் துயரத்தை விளக்க வேண்டியதில்லை. தொழில் குன்றிய நகரத்திற்குப் பயணிகளை வரவழைக்கும் நோக்கத்துடன், அத்தீவின் நிர்வாகத் தலைவியாக இருந்த ஹெலன் ஹேல் அம்மையார் 1963இல் இவ்விழாவுக்கு வித்திட்டார்.

தொடக்கத்தில் மன்னரைப் போல் தாடி வளர்ப்போருக்குப் போட்டி, மன்னரின் முடிசூட்டைப் போன்ற நடிப்பு என வேடிக்கைகளே மிகுந்திருந்தன. சில ஆண்டுகளிலேயே ஆர்வம் குறைந்தது. விழா நின்றுபோகும் என்ற நிலையில் 1968இல் டாட்டி தாம்சன் என்னும் பெண்மணி பொறுப்பேற்றார். ஹூலா ஆசிரியர் ஜார்ஜ் நாஓபே அவருக்குத் துணை நின்றார். வேடிக்கைகளைக் குறைத்து, மன்னர் எதற்காகப் போராடினாரோ அந்தக் கலையையே நடுவில் வைத்தனர். 1971இல் பெண்களுக்கான ஹூலாப் போட்டி தொடங்கியது. 1976இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அன்று முதல் விழாவுக்குத் தளர்ச்சி இல்லை. வெளியாரை மகிழ்விக்க எண்ணிய நாளில் விழா சோர்ந்தது. ஊரார் தங்கள் பொருட்டு ஆடத் தொடங்கியதும் உலகமே திரும்பிப் பார்த்தது!

இன்று விழா நடைபெறும் முறை இதுவே. புதன்கிழமை மாலை கட்டணமின்றி அனைவருக்கும் நடனம். வியாழனன்று தனி நடனப் போட்டி. வெள்ளியன்று 'காஹிகோ' எனப்படும் பழைய முறை ஹூலா. சனிக்கிழமை காலை நகர்வலம். இரவு 'அவுவானா' எனப்படும் புதுமுறை ஹூலா. போட்டி நடைபெறும் அரங்கம், ஹூலா ஆசிரியையும் ஹவாய் மொழி ஆசிரியையுமாகிய எடித் கனகாஓலே அம்மையாரின் பெயரைத் தாங்கியுள்ளது. 2023இல் அமெரிக்க அரசு வெளியிட்ட நாணயம் ஒன்றில் அவர் திருவுருவம் பொறிக்கப்பட்டது. ஒரு நடன ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

நடன மாணவியர் பாடலை ஒப்பித்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லின் பொருளையும், அப்பாடல் பிறந்த ஊரையும் அறிந்திருக்க வேண்டும். இலையும் பூவும் பறித்துத் தாமே மாலை தொடுக்கின்றனர். 'ஓஹிஆ' என்னும் காட்டு மரத்தின் செந்நிறப் பூ அவர்களுக்கு மிகவும் விருப்பமானது. அம்மரத்தைக் கொல்லும் பூஞ்சண நோய் 2014இல் கண்டறியப்பட்டது. நோய் பரவக்கூடாது என்பதற்காகப் பல நடனப் பள்ளிகள் அப்பூவைச் சூடுவதையே விட்டுவிட்டன. ஆசைப்பட்ட பூவைக் காட்டின் நலனுக்காகத் துறப்பதும் கலைப்பயிற்சியில் ஒரு பாடம் அன்றோ?

கலையோடு மொழியும் துளிர்த்தது. 1978இல் ஹவாய் மொழி மீண்டும் ஆட்சிமொழிகளுள் ஒன்றானது. 1984இல் அம்மொழியிலேயே பேசிப் பழகும் மழலையர் பள்ளி தொடங்கப்பட்டது. அதற்கு இட்ட பெயரின் பொருள் 'குரல்களின் கூடு'.

பள்ளிகளில் மாலை நாள்

இவ்விழாவை அடுத்து மே முதல் நாள் வருகிறது. ஹவாயில் அதற்கு 'லேய் நாள்' என்று பெயர். லேய் என்றால் மாலை. 1920களின் இறுதியில் டான் பிளாண்டிங் என்ற கவிஞரின் யோசனையால் எழுந்தது இது. பள்ளிகளில் எட்டுத் தீவுகளுக்கும் எட்டு மாணவியர் இளவரசிகளாக வருவர். ஹவாய்த் தீவுக்குச் சிவப்பு, மாவிக்கு இளஞ்சிவப்பு, ஓவாகூவுக்கு மஞ்சள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் ஒரு மாலையும் உண்டு. மலர் மாலைகளுக்கு நடுவே நீஹாவ் தீவுக்கு மட்டும் வெண்சிப்பி மாலை. புவியியல் பாடத்தை இவ்வளவு அழகாக வேறெங்கும் காண்பது அரிது!

ஆடுகள் ஓடும் பந்தயம்

இனி டொபாகோவுக்குச் செல்வோம். டிரினிடாட்-டொபாகோ நாட்டின் சிறிய தீவு இது. பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர். பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில், ஏறக்குறைய நம் திருச்சிராப்பள்ளியின் நேரில் உள்ளது. ஆகவே வெயிலும் தென்னையும் நமக்குப் பழகியவையே.

அங்கே உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த செவ்வாயன்று பக்கூ என்ற கடற்கரைச் சிற்றூரில் ஆட்டுப் பந்தயம் நடைபெறுகிறது. அதற்கு முந்திய திங்களன்று மவுண்ட் பிளசண்ட் என்னும் ஊரிலும் உண்டு. செவ்வாய் அரசு விடுமுறை அன்று. ஆயினும் தீவு முழுவதும் அதை விடுமுறை போலவே கொண்டாடுகிறது.

'ஆட்டுப் பந்தயமா?' என்று நகைக்க வேண்டாம். இதன் பின்னணி சிந்திக்கத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில் குதிரைப் பந்தயம் செல்வர்களின் பொழுதுபோக்கு. ஏழை உழைப்பாளி குதிரைக்கு எங்கே போவான்? ஆனால் அவன் வீட்டுக் கொல்லையில் ஆடு இருந்தது. பார்படோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய சாமுவேல் காலண்டர் என்பவர் 1925இல் இப்பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். குதிரை இல்லாதவர்களும் அன்று முதல் பந்தயம் நடத்தினார்கள்!

குதிரைப் பந்தயத்தில் வீரன் ஏறி அமர்கிறான். இங்கோ வீரனும் ஓட வேண்டும். வண்ண மேற்சட்டையும் வெண்ணிறக் கால்சட்டையும் அணிந்து, ஒரு கையில் ஆட்டின் கயிற்றையும் மறு கையில் சிறு குச்சியையும் பிடித்து, வெறுங்காலுடன் ஏறத்தாழ நூறு மீட்டர் தூரம் ஆட்டின் பின்னே பறக்கிறான். ஆட்டின் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாதவன் வெல்ல முடியாது. ஆகவே பயிற்சி இருவருக்கும் உண்டு. மாதக்கணக்கில் ஆடுகளை நடக்கவும் ஓடவும் வைத்து, கால்களுக்கு வலுவூட்டக் கடலில் நீந்தவும் விடுகின்றனர். ஆட்டுப் பந்தயத்துடன் நண்டுப் பந்தயமும் உண்டு. நூலில் கட்டிய நண்டை நேராகச் செலுத்த வேண்டும். பக்கவாட்டில் நடக்கும் நண்டு யார் சொல்லைக் கேட்கும்? சிரிப்பொலிக்குக் குறைவே இல்லை.

நாம் கற்க வேண்டியது

இவ்விரு விழாக்களுக்கும் உள்ள ஒற்றுமை யாது? ஹவாய் மக்களிடம், 'உங்கள் கலை தாழ்ந்தது' என்றார்கள். டொபாகோ ஏழைகளிடம், 'இந்தப் பந்தயம் உங்களுக்கு இல்லை' என்றார்கள். இருவரும் பகைமை பாராட்டவில்லை. மனம் ஒடிந்து அமரவும் இல்லை. தங்களிடம் இருந்ததைக் கையில் எடுத்து விழாவாக்கினார்கள். பாட்டி கற்றுத் தந்த பாடலும் கொல்லையில் நின்ற ஆடும் போதுமானவையாக இருந்தன. அதனால்தான் இவ்விழாக்கள் தலைமுறை கடந்தும் நிலைக்கின்றன.

மக்களின் கலைகளை மதிக்க வேண்டும் என்பது திருச்சபையின் போதனையும் ஆகும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில், பல்வேறு இனத்தாரின் அருங்கொடைகளைத் திருச்சபை போற்றி வளர்க்கிறது என்று அறிவித்தது. ஹீலோவில் விழாவுக்கு வித்திட்டதும் அதே ஆண்டில் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நம்மிடம் கும்மி உண்டு, கோலாட்டம் உண்டு, பல்லாங்குழியும் பாண்டியும் உண்டு. ஆண்டு விழா மேடையில் ஐந்து நிமிட நிகழ்ச்சியாக மட்டும் கும்மியைக் கற்று மறந்தால், அது விடுதி ஆட்டமாகிப் போன ஹூலாவைப் போன்றதே. அப்பாடலின் சொற்களுக்குப் பொருள் என்ன? நாற்று நடவிலா, கோயில் திருநாளிலா, எங்கே அதைப் பாடினார்கள்? இவற்றை நம் இல்லத்துப் பாட்டியரிடம் கேட்டு ஏட்டில் எழுதி வைக்கும் பணியை இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம். பெற்றோரும் இதற்கு ஊக்கமளிப்பார்களாக. விளையாட்டு விழாவிலும், ஓட்டத்தில் வல்லவர் மட்டுமன்றி ஒவ்வொரு மாணவியும் பங்கேற்கத்தக்க போட்டி ஒன்றேனும் இருத்தல் நலம்.

விழா யாருக்கு உரியது? அதைத் தம் உழைப்பால் உருவாக்குபவர்க்கே உரியது. நம் முன்னோர் விட்டுச் சென்ற கலைச் செல்வத்தைப் பொருளறிந்து கற்போம். எவரையும் ஒதுக்காமல் இணைந்து ஆடுவோம். உயிர்த்த ஆண்டவர் நம் முயற்சிக்கு உயிரூட்டுவாராக!