ஆறுதல் நாய்

மருத்துவமனை வாயிலில் நாய் நின்றால் காவலர் கோலெடுத்து விரட்டுவதே நாம் கண்ட வழக்கம். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளிலோ, நாள் குறித்து நாயை வரவழைக்கும் மருத்துவமனைகள் பல உள. சிங்கப்பூரிலும் தொண்டர் சிலர் தம் நாய்களுடன் முதியோர் இல்லங்களுக்குச் சென்று வருகின்றனர்.

இந்நாயைத் தமிழில் எவ்வாறு அழைப்பது? ஆங்கிலத்தில் 'தெரப்பி' என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குவர். 'சிகிச்சை நாய்' என்று பெயர்த்தால், நாய் ஏதோ மருந்து கொடுப்பது போன்ற மயக்கம் உண்டாகும். அதன் வேராகிய கிரேக்கச் சொல்லோ அருகிருந்து பணிபுரிதலையும் குறிக்கும். நம் 'ஆறுதல்' என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது. புண்ணும் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. 'ஆற்றுநாய்' என்று சுருக்கலாமே எனின், ஆற்றில் வாழும் நீர்நாயோ என்று மாணவர் மயங்குவர்! ஆகவே 'ஆறுதல் நாய்' என்றே கொள்வோம். பார்வையற்றார்க்கு வழிகாட்டும் நாய் வேறு. அஃது ஒருவர்க்கே உரிய துணை. கடமையில் இருக்கும்போது பிறர் தொடலாகாது. ஆறுதல் நாயோ பிறர் தொடுவதற்கென்றே வருவது.

1944 பிப்ரவரியில், நியூகினிக் காட்டில் கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் அமெரிக்கப் போர்வீரர் ஒருவர் ஒரு சிறு நாயைக் கண்டெடுத்தார். யார்க்ஷயர் டெரியர் இனம். எடை ஏறத்தாழ 4 இராத்தல். வில்லியம் வின் என்னும் வீரர் அதனை இரண்டு ஆஸ்திரேலியப் பவுனுக்கு வாங்கினார். ஸ்மோக்கி என்பது அதன் பெயர். வின் டெங்கிக் காய்ச்சலில் படுத்தபோது, நண்பர்கள் அதனை மருத்துவமனைக்கே கொண்டு வந்தனர். தாதியர் அதனைக் காயமுற்ற வீரர்களின் கட்டில்களுக்கும் எடுத்துச் சென்றனர். டாக்டர் சார்ல்ஸ் மேயோ இசைவளித்தார். ஆறுதல் நாய்களுள் இதுவே முதலாவது என்பார் பலர்.

பயன் உண்மைதானா என்று வினவுவோர்க்கு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் நடந்து 2005இல் வெளியான ஆய்வைச் சுட்டலாம். இதயத் தளர்ச்சியால் படுத்திருந்த 76 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினரிடம் தொண்டரும் நாயும் 12 நிமிடம் இருந்தனர். மற்றொரு பிரிவினரிடம் தொண்டர் மட்டும் இருந்தார். எஞ்சியோர் வாளா ஓய்வு கொண்டனர். மனக்கவலையின் அளவு முதற்பிரிவில் 24 விழுக்காடு குறைந்தது, இரண்டாவதில் 10 விழுக்காடு, மூன்றாவதில் மாற்றமில்லை. நாயைப் புகழ்வோர் முதல் எண்ணையே சொல்லிச் செல்வர். இரண்டாம் எண்ணையும் நோக்குக! வெறுங்கையோடு வந்து அமர்ந்த மனிதராலும் கவலை குறைந்திருக்கிறது. வாரின் மறுமுனையைப் பிடித்திருப்பவரும் அம்மருந்தில் ஒரு பாதி என்பதே என் துணிபு.

அவர் செய்யவேண்டுவன பல. இங்கிலாந்தில் 1983இல் தோன்றிய 'பெட்ஸ் ஆஸ் தெரப்பி' என்னும் அறநிறுவனம் ஒன்பது மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதில்லை. வாரை இழுக்காமல் நடக்கிறதா, உடலைத் தடவினால் பொறுக்கிறதா, திடீரென ஓசை எழுந்தால் மிரள்கிறதா என்று ஆய்ந்த பின்னரே ஏற்கும். பாதத்தால் சுரண்டும் நாய் எத்துணை அன்புடையதாயினும் ஆகாது. முதியோர் தோல் எளிதில் கிழியும். மயிரைச் சீவி, நகத்தை வெட்டிக் கொண்டுசெல்ல வேண்டும். தொடுமுன்னும் தொட்டபின்னும் நோயாளி கை துடைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் முற்பட்டது, "நாய் அருகே வரலாமா?" என்னும் கேள்வி. சிறுவயதில் கடிபட்டு அஞ்சுவோர் இருப்பர். நாயின் எச்சில் பட்டால் சமயமுறைப்படி கழுவவேண்டிய முஸ்லிம் அன்பர் அடுத்த கட்டிலில் இருப்பார். பல இனத்தார் ஒரே கூடத்தில் படுத்திருக்கும் நம் நாட்டில் இக்கேள்வியைக் கேளாது நுழைபவர் ஒருவருக்கு ஆறுதலும் இருவருக்கு அல்லலும் தருவார்.

நாய்க்கும் அலுப்பு உண்டு. தூக்கமின்றியே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுத்தடுப்பு வல்லுநர் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு வருகைக்கு ஒரு மணி நேரத்தையே எல்லையாக வைக்கிறது. அதற்கு முன்னரே அக்குறிகள் தோன்றினால், இன்னும் இரண்டு கட்டில்களில் நோயாளிகள் காத்திருந்தாலும், தொண்டர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, நாயை வெளியே அழைத்துச் சென்று தண்ணீர் வைக்க வேண்டும்.