நடை சாத்தும் நேரம்

பணி ஓய்வு பெற்ற மறுமாதம் மதுரைக்குச் சென்றிருந்தேன். கீழச் சித்திரை வீதியில் ஏறக்குறைய ஓடியே வந்து கோபுர வாசலை அடைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிட்டார்கள். இனி மாலை நான்கு மணிக்குத்தான். வங்கிக் கவுண்டரை மூடும்போது எதிரே நின்று கோபித்துக்கொண்ட எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்தவன் நான். அன்று அவர்களுள் ஒருவனாகவே நின்றேன். "இத்தனை பேர் வந்து நிற்கும்போது எதற்காக மூட வேண்டும்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அருகில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி தலை நிமிராமலே, "அம்மாவும் செத்த நேரம் படுக்க வேணாமாய்யா?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு கடைப்படியில் அமர்ந்தேன். வேறு வழியும் இல்லை.

நம் ஆலயங்களின் அன்றாட ஒழுங்கை வகுத்த பெரியோர், பூசைக்கு எவ்வளவு கருத்தூன்றினார்களோ அவ்வளவு கருத்தை ஓய்வுக்கும் அளித்திருக்கிறார்கள். திருவனந்தலில் துயிலெழுப்புதல் உண்டென்றால், இரவில் பள்ளியறைப் பூசையும் உண்டு. மதுரையில் சுந்தரேசுவரரின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி, அன்னையின் சந்நிதியிலுள்ள பள்ளியறையை அடைகின்றன. தீபாராதனை முடிந்து திருக்கதவம் சாத்தப்படும்போது, கூட்டம் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வதை அன்பர்கள் கவனித்திருப்பார்கள். திருவரங்கத்திலோ பெருமாள் சயனத் திருக்கோலத்திலேயே சேவை சாதிக்கிறார். ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசியில் யோக நித்திரை கொள்ளும் திருமால், கார்த்திக மாத வளர்பிறை ஏகாதசியில்தான் விழித்தெழுகிறார் என்பது மரபு. இடையே நான்கு மாதங்கள்! எங்கள் பணியில் நான்கு நாள் விடுப்புக் கேட்கவே நா எழாது.

ஓய்வைச் சோம்பலென்றே எண்ணி வளர்ந்தவன் நான். மார்ச் 31, செப்டம்பர் 30 ஆகிய இரு நாள்களிலும் பேரேடு சரியாகும்வரை நள்ளிரவானாலும் எழுந்திருக்க மாட்டோம். அதில் பெருமையும் இருந்தது. ஆனால் மற்ற நாள்களிலும் அதே பரபரப்போடு வாழப் பழகிவிட்டேன் என்பதுதான் பிழை. பகவத்கீதையின் 6ஆம் அத்தியாயத்தில், மிகுதியாக உறங்குபவனுக்கு யோகம் கைகூடாது என்று கூறும் கண்ணன், உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் அது கைகூடாது என்கிறான். முதற்பாதியை மட்டும் என் கீழ்ப் பணியாளர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் தாயார் மதுரையில் இருந்தவரை, நான் செல்லும்போதெல்லாம் கோயிலுக்கு அழைத்துப் போகச் சொல்வார். தரிசனம் முடிந்ததும், "பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்சம் உட்காருப்பா" என்பார். "நீங்கள் இருந்துவிட்டு வாருங்கள் அம்மா, வாசலில் நிற்கிறேன்" என்று வந்துவிடுவேன். வாசலில் நின்று நான் சாதித்தது ஒன்றுமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவே. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நான்கு மணிக்கு நடை திறந்தார்கள். அன்னையைத் தரிசித்துவிட்டு நேரே குளத்துக்கு வந்தேன். அம்மா வழக்கமாக எந்தப் படியில் அமர்வார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒருநாளும் உடன் அமராதவனுக்கு அது எப்படித் தெரியும்? வடகரைப் படியொன்றில் அமர்ந்தேன். எதிரே தெற்குக் கோபுரத்தின் மீது மாலை வெயில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, ஊஞ்சல் மண்டபத்தில் அம்மையையும் அப்பனையும் எழுந்தருளச் செய்து ஆட்டிக்கொண்டிருந்தபோதும் நான் அங்கேயே இருந்தேன். ஊருக்குத் திரும்பவேண்டிய பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்து எப்போதென்று யாரிடமும் கேட்கவில்லை.