அடிதடி இல்லாத மைதானம்

ஒரு வாரமாகக் கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டிய கோட்டையை முகம் தெரியாத யாரோ இடித்துவிட்டுப் போவார்கள். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்கு இது பழகிய துக்கம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பொதுச் சர்வர்களில் பட்ட பாடு இதைவிடக் கொடுமை. அவர்கள் கலங்குவதைப் பார்ப்பதற்கென்றே மற்ற ஆட்டக்காரர்கள் மறுபடி மறுபடி சீண்டினார்கள். பெற்றோர்களின் இந்த மனக்குறை கனடாவில் ஸ்டூவர்ட் டங்கன் என்பவரின் காதுக்கு எட்டியது. அவருக்கும் ஆட்டிசம் உண்டு, அவர் மகனுக்கும் உண்டு. 2013-இல் 'ஆட்கிராஃப்ட்' என்ற தனிச் சர்வரைத் தொடங்கினார். விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்கள் மட்டுமே உள்ளே வரலாம். திருட்டு, இடிப்பு, ஏச்சு எதற்கும் அங்கே இடமில்லை.

வேலி போட்ட பிறகு உள்ளே நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே உரையாடல் பெரும்பாலும் தட்டச்சில். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டாம், குரலில் கோபமா கேலியா என்று ஊகிக்க வேண்டாம், யோசித்துப் பதில் சொல்லலாம். இந்தச் சர்வரை நெடுநாள் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் கேத்ரின் ரிங்லண்ட், இந்தப் பிள்ளைகள் தங்களுக்கு ஏற்ற வழிகளில் நன்றாகவே பழகுகிறார்கள் என்று எழுதினார். பழகத் தெரியாதவர்கள் என்ற பட்டத்தை நாம்தான் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டோம். ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-லேயே சொன்னார்: புரிதல் அறுந்துபோவதில் ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் இரு தரப்புக்கும் பங்குண்டு.

இதே விளையாட்டில் நிரலாக்கத்தின் அடிப்படையும் இருக்கிறது. 'ரெட்ஸ்டோன்' என்ற சிவப்புத் தூளைத் தரையில் தூவினால் அது மின்கம்பி போல வேலை செய்யும். ஒரு கட்டையில் ரெட்ஸ்டோன் பந்தத்தைப் பொருத்துங்கள். கட்டைக்கு மின்சாரம் வந்தால் பந்தம் அணையும், நின்றால் எரியும். கணினித் தர்க்கத்தின் 'இல்லை' வாயில் இதுதான். அதே கட்டைக்கு இரண்டு கம்பிகளை இழுத்தால், இரண்டும் ஓய்ந்திருக்கும்போது மட்டுமே பந்தம் எரியும். இந்த இரு கம்பி வாயில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சேர்த்து எந்தத் தர்க்கச் சுற்றையும் கட்டிவிடலாம். ஒரே விதி எப்போதும் ஒரே விளைவைத் தரும். திடீர் மாற்றங்களில் தவித்துப்போகும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

அமெரிக்க உளவியலாளர் டேனியல் லகாஃப் 2004-இல் வெளியிட்ட, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான லெகோ சிகிச்சை ஆய்வை ஒட்டி வளர்ந்த முறையை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒரு பிள்ளை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லும், இன்னொன்று துண்டுகளைத் தேடித் தரும், மூன்றாவது பொருத்தும். யாரும் தனியாக முடிக்க முடியாது. ரெட்ஸ்டோன் கதவு திறக்க மறுக்கும்போதும் இப்படித்தான்: ஒருவர் பொறியை மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் தூள் பாதையில் ஒளி எந்த இடத்தில் அணைகிறது என்று தேடி, "இங்கேதான் விட்டுப்போச்சு" என்று எழுதி அனுப்புவார்.