உங்களுக்குத் தெரியுமா? - இரண்டு வார இருமல்

★ நம் பாட்டிமார் ‘எலும்புருக்கி’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன நோய்தான் டி.பி. அதன் கிருமியைக் கண்டதாக ராபர்ட் கோக் அறிவித்தது 1882 மார்ச் 24. உலக காசநோய் நாள் அன்றுதான்.

★ நோயாளியோடு அவர் வீட்டாரையும் கூப்பிட்டுச் சோதித்தவர், 1887இல் எடின்பரோவில் மருந்தகம் திறந்த ராபர்ட் பிலிப். இன்று நம் சுகாதாரப் பணியாளர் “வீட்டுல வேற யாருக்காவது இருமல் இருக்கா?” என்று கேட்பதும் அந்த வழிதான்.

★ அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளி அருகே 1915இல் திறந்த காசநோய் இல்லத்துக்குப் பெயர் ‘ஆரோக்கியவரம்’. டென்மார்க் மருத்துவர் ஃப்ரிமோட் மோலர் அதைப் பல்லாண்டு நடத்தினார்.

★ ‘தாம்பரம் சானடோரியம்’ ரயில் நிலையப் பெயருக்குக் காரணம், டாக்டர் சவுரிமுத்து 1928இல் தொடங்கிய மருத்துவமனை. 1937இல் அது அரசு வசமானது. முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அவர் நடத்திய இல்லத்தில், 1917இல் கணிதமேதை ராமானுஜனும் சிகிச்சை பெற்றார்.

★ அப்போது கிருமியைக் கொல்ல மருந்தே இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. சிலருக்கு நெஞ்சுக்குள் ஊசியால் காற்றேற்றி நுரையீரலையே சுருங்கவைப்பார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல்.

★ 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் பிறந்தது. 193 நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்து, மறுபாதிக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானதும், படுக்கை தேடி அலைந்த உலகம் வழி மாற்றிக்கொண்டது.

★ விடிந்ததும் சின்ன டப்பாவில் பிடித்த சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும்.

★ 2022இல் தமிழகம் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கியது. எடை, கால்வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள்.

★ முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரி வறுக்கும் புகையில் இருமல் வருவது சகஜம். ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் புகைமேல் பழியைப் போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் காசில்லை.