ரீயூனியன் தீவின் ஐப்பசி: தீபாவளி ஊர்வலமும் மலை ஓட்டமும்

ரீயூனியன் என்பது இந்தியப் பெருங்கடலில் மடகாசுகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில் உள்ள எரிமலைத் தீவு ஆகும். இதன் பரப்பளவு சுமார் 2,512 சதுர கி.மீ. 1946 முதல் இது பிரான்சு நாட்டின் கடல்கடந்த மாவட்டமாக உள்ளது. தீவின் நடுவே 3,000 மீட்டரைத் தாண்டி உயர்ந்து நிற்கும் பித்தோன் தெ நேழ் மலையும், அதைச் சுற்றி மஃபாத், சிலாவோஸ், சலாசி என்னும் மூன்று ஆழமான கிண்ணப் பள்ளத்தாக்குகளும் உள்ளன. இந்த மலைப்பகுதியை யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இத்தீவில் இரண்டு நிகழ்வுகளுக்குப் பெருங்கூட்டம் சேர்கிறது. ஒன்று சான் ஆந்த்ரே நகரின் தீபாவளி. மற்றொன்று தீவைக் குறுக்காகக் கடக்கும் ‘கிரான் ரெய்டு’ மலை ஓட்டம். இரண்டுமே 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்றைய வடிவம் பெறத் தொடங்கியவைதான். ஆனால் இரண்டையும் புரிந்துகொள்ள 19ஆம் நூற்றாண்டுக் கரும்புத் தோட்டங்கள் வரை செல்ல வேண்டும்.

பருவம்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவில் பக்கம் அப்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கண்மாய்களுக்கு நீர் வரும். ரீயூனியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கு நிலைமை தலைகீழ். குளிர்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் வறண்ட நாட்கள் அவை. தீபாவளி, ஐப்பசித் தேய்பிறையைக் கொண்டு கணிக்கப்படுவதால், ஊர்விட்டுச் சென்றவர்களின் நாட்காட்டியோடு அப்படியே அங்கும் போய்விட்டது.

மலை ஓட்டம் அக்டோபரில் நடப்பதற்குக் காரணம் வேறு. டிசம்பர் கடைசியில் இருந்து மார்ச் வரை புயல் காலம். 1966 சனவரியில் ‘தெனீஸ்’ புயலின்போது இத்தீவின் மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்தது, இது உலகச் சாதனை. தமிழ்நாட்டில் ஓராண்டுக்குப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். அந்த மாதங்களில் அம்மலைகளில் ஓட்டம் வைப்பது நடவாத காரியம்.

தமிழர் வந்த வழி

1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறவே, முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஆட்கள் ஏற்றப்பட்டனர். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பிரிட்டிசு இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் பெருகியதால் 1882-இல் பிரிட்டிசு அரசு இதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றிருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆனாலும் தீவில் அவர்களுக்கு நிலைத்த பெயர் ‘மல்பார்’. மலபாருக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்பது பெயர் வைத்தவர்களுக்குப் பொருட்டாக இல்லை.

பிரெஞ்சு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படுவதில்லை. எனவே இன்று இவர்கள் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுகளே உண்டு. தீவின் மக்களில் ஏறத்தாழ கால் பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்து பிரெஞ்சுப் பெயரிடும் வழக்கமும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடமும் சேர்ந்து, சில தலைமுறைகளில் வீட்டிலிருந்து தமிழை வெளியேற்றின. சமையலறையில் மட்டும் அது பிடிவாதமாக இருந்துகொண்டது. தீவின் கிரியோல் மொழியில் கறிவேப்பிலை ‘கலுபிலே’, கொத்தமல்லி ‘கொத்தோமிலி’, முருங்கை ‘முரும்’. காரமான ‘ருகாய்’ என்னும் தொடுகறியின் பெயர் நம் ஊறுகாயிலிருந்து வந்ததாகக் கூறுவர். தமிழ் வம்சாவளி அல்லாதவர்களும் இச்சொற்களையே புழங்குகின்றனர்.

தீபாவளி

தோட்டத் தொழிலாளர்களின் பழைய பெருவிழா தீபாவளி அன்று; தீமிதி. 18 நாள் விரதமிருந்து பூக்குழி இறங்கும் அவ்வழக்கம் இன்றும் பல கோயில்களில் நடக்கிறது. தீபாவளி பொதுவிழாவாக எழுந்தது, தம் வேர்களைத் தேடும் ஆர்வம் தமிழ் வம்சாவளியினரிடம் வளர்ந்த 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். கரும்பு விளையும் கிழக்குக் கரையில் உள்ள சான் ஆந்த்ரே அதற்கு மையமானது. அங்கு பல நாட்கள் கண்காட்சி, நடனம், கோலம், உணவுக்கடைகள் என விழா நடந்து, அலங்கார வண்டிகளின் ஊர்வலத்திலும் வாணவேடிக்கையிலும் முடிகிறது. பிரெஞ்சிலும் இதன் பெயர் ‘திவாலி’ அன்று, ‘திபாவளி’. கடைகளில் கிடைக்கும் ‘போன்போன் பிமான்’ நம் பருப்பு வடைக்கு நெருங்கிய உறவு.

அண்டைத் தீவான மொரீசியசில் தீபாவளி அரசு விடுமுறை. ரீயூனியனில் அப்படி இல்லை. பிரான்சு முழுவதற்குமான விடுமுறைகளோடு, இத்தீவுக்கென்று கூடுதலாக உள்ளது அடிமைமுறை ஒழிந்த டிசம்பர் 20 மட்டுமே. ஊர்வலத்தை வெறும் கேளிக்கை என்று ஒதுக்குவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தோட்டத்துக் கோயிலுக்குள் ஒதுங்கி நடந்த வழிபாடு நகரத்தின் நடுத்தெருவுக்கு வந்து, எல்லா இனத்தவரும் பார்க்க நடக்கிறது என்பது சிறிய மாற்றமில்லை.

மலை ஓட்டம்

கிரான் ரெய்டின் முதல் ஓட்டம் 1989-இல் ‘சிகரங்களின் நடை’ என்ற பெயரில் நடந்தது. இன்று மக்கள் வழங்கும் பெயர் ‘பைத்தியக்காரர்களின் மூலைவிட்டம்’. தெற்கே சான் பியேர் நகரில் வியாழன் இரவு தொடங்கி வடக்கே தலைநகர் சான் தெனி வரை செல்லும் பாதை, ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறினாலும், சுமார் 165 கி.மீ. நீளமுடையது. ஏறும் உயரங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர். முதல்வர்கள் ஒரு நாளுக்குள் முடிக்கின்றனர். கடைசி ஆட்கள் மூன்றாம் நாள் வரை ஓடியும் நடந்தும் வருவர். 2018-இல் பிரான்சுவா தேன், பெனுவா ஜிரோந்தெல் இருவரும் போட்டியை விட்டுவிட்டு ஒன்றாகவே எல்லைக்கோட்டைத் தொட்டனர். அதே வார இறுதியில் குறைந்த தூர ஓட்டங்களும் உண்டு.

பாதையில் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்று மஃபாத். அங்கு இன்றும் சாலை கிடையாது. கால்நடையாகவோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. அவர்களுள் ஒருவரின் பெயரே பள்ளத்தாக்குக்கு நிலைத்தது. ஓட்டக்காரர்களை வருத்தும் செங்குத்துச் சரிவுகள்தாம் அன்று துரத்தி வந்தவர்களைத் தடுத்து நிறுத்தின.

மஃபாத்தைக் கடந்த பின் பாதை கடற்கரைக்கு இறங்கி, எரிமலைக் கற்கள் பாவிய ‘ஆங்கிலேயர் பாதை’யில் சேர்கிறது. 1810-இல் தீவைக் கைப்பற்ற வந்த ஆங்கிலப் படையை நினைவூட்டும் பெயர் அது. வழுவழுத்த அக்கற்களில் இறங்கினால் கிரான்ட் ஷலூப் என்னும் சிறு பள்ளத்தாக்கு. அங்கே 19ஆம் நூற்றாண்டுத் தொற்றுத்தடைக் காப்பகத்தின் கட்டடங்கள் உள்ளன. கப்பலில் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களை அம்மை, காலரா அச்சத்தால் அதில் அடைத்து வைத்தபின்பே தோட்டங்களுக்கு அனுப்பினர். தமிழர் பலர் இத்தீவில் முதலில் கால் ஊன்றிய இடமும் அதுவே. ஓட்டக்காரர்களுக்கு அது கடைசிச் சோதனைச் சாவடிகளுள் ஒன்று. தண்ணீர் குடித்துவிட்டு, இன்னும் ஒரு மலையை ஏறி இறங்கினால் சான் தெனி.